பிளான் அனுமதிக்குப் போகும் முன் வீட்டுச் சூட்டைக் கணக்குப் போடுவது எப்படி

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது பிளான் போட்டது நான்தான். மேற்குப் பக்க அறையை அம்மாவுக்கு ஒதுக்கினேன். காற்று வரட்டும் என்று ஆறடிக்கு நான்கடி ஸ்லைடிங் ஜன்னல் வைத்தேன். முகப்பு தட்டையாகத் தெரிய வேண்டும் என்பதால் அதற்கு சன்ஷேடு வைக்கவில்லை. முதல் கத்திரி வெயிலிலேயே அம்மா பாயை எடுத்துக்கொண்டு கீழே ஹாலுக்கு வந்துவிட்டார். இரவு பதினொரு மணிக்கு அந்த மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்படிச் சுவர் போலக் கொதித்தது. அந்தச் சுவர் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எவ்வளவு சூட்டை உள்ளே விடும் என்று போடவில்லை. அப்படி ஒரு கணக்கு இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்தக் கணக்குக்கு அரசு நெறிமுறை இருக்கிறது. பெரிய வணிகக் கட்டிடங்களுக்கு 2007-லும், திருத்திய வடிவில் 2017-லும் எரிசக்தி சிக்கனக் கட்டிட நெறிமுறை வந்தது. வீடுகளுக்கு 2018 டிசம்பரில் ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா வந்தது. இரண்டையும் உருவாக்கியது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமான பி.இ.இ. ஆனால் டெல்லியில் எழுதிய நெறிமுறை உங்கள் மனையை எட்ட மூன்று படி இறங்க வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பது முதல் வேலை. அது எங்கே நின்றாலும் உங்கள் வரைபடத்துக்கு நீங்களே அதைக் கொண்டுவந்துவிடலாம். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001-ம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டம் நெறிமுறை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 15-வது பிரிவு, தன் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப அதைத் திருத்தி அமலாக்கும் பொறுப்பை மாநில அரசுக்குத் தருகிறது. அப்புறம் அது கட்டிட விதிகளுக்குள் வர வேண்டும். தமிழ்நாட்டில் அது 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். கடைசிப் படி உங்கள் மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ பிளானைப் பார்க்கும் அதிகாரியின் மேஜை. அவர் கையில் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி இல்லையென்றால், மேலே எத்தனை அரசாணை வந்திருந்தாலும் பயனில்லை.

மழைநீர் சேகரிப்பை நினைத்துப் பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் அது கட்டாயமானது. இன்று எந்தக் கொத்தனாரிடமும் அதை விளக்க வேண்டியதில்லை. பிளானில் அந்தக் குழி வரையப்பட்டிருக்கிறதா என்று ஒருவர் பார்த்துப் பார்த்துத்தான் அது பழக்கமானது. ஹைதராபாத்திலும் இதே பாதைதான். ஒன்றுபட்ட ஆந்திரம் 2014-ல் வணிகக் கட்டிடங்களுக்கான நெறிமுறையை ஏற்றது. பிறகு தெலங்கானாவில் அதைக் கட்டிட அனுமதிக்கான இணைய விண்ணப்பத்தோடு இணைத்து, அங்கீகாரம் பெற்ற வெளி மதிப்பீட்டாளர்கள் சரிபார்க்கும்படி செய்தார்கள். விண்ணப்பத்தோடு சேர்ந்த பிறகுதான் அது கட்டுபவர்களின் வேலையில் ஒரு பகுதியானது.

உங்கள் கட்டிடம் இதில் வருமா என்று பார்க்க இரண்டு அளவுகள் போதும். அலுவலகம், மருத்துவமனை, ஹோட்டல், கல்லூரி போன்றவை என்றால் மின் இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்ச அளவு) 120 கேவிஏ. அதை எட்டினாலோ தாண்டினாலோ நெறிமுறையின் எல்லைக்குள் வருகிறது. 2022-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டது. இந்தச் சுமை அளவைக் குறைத்துச் சிறிய கட்டிடங்களையும் உள்ளே கொண்டுவரும் உரிமையை மாநிலங்களுக்கும் கொடுத்தது. 2018-ன் ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா மனையின் பரப்பைப் பார்க்கிறது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அது பொருந்தும். நம் கணக்கில் சுமார் 5,380 சதுர அடி, பன்னிரண்டரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு.

நம்மில் பெரும்பாலோர் வீடு கட்டுவது இரண்டு மூன்று சென்டில். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த வீட்டின் சூட்டைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. கடன் வாங்கி ஒருமுறை கட்டி, நாற்பது ஆண்டு அதற்குள் கரண்ட் பில் கட்டப் போகிறவர்கள் இவர்கள்தான். அதனால் மனை சிறியது, நமக்கு இது வேண்டாம் என்று இந்தக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

கணக்கில் நான்கு சோதனைகள் உண்டு. வரைபடம், கால்குலேட்டர், ஒரு மாலை நேரம் போதும்.

முதலில் திறக்கும் ஜன்னல். சென்னை, திருச்சி, தூத்துக்குடி எல்லாம் நெறிமுறையின் பட்டியலில் வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்டலம். இங்கே திறக்கக்கூடிய பரப்பு, கார்ப்பெட் ஏரியாவில் (சுவர்களுக்குள் அடங்கும் தரைப் பரப்பில்) 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும். அதாவது ஆறில் ஒரு பங்கு. வெளிப்பக்கம் அல்லது திறந்த பால்கனிக்குத் திறக்கும் கதவையும் இதில் சேர்க்கலாம். பொது வராந்தாவுக்குத் திறக்கும் வாசல் கதவைச் சேர்க்கக் கூடாது.

தவறு நடக்கும் இடம் “திறக்கக்கூடிய” என்ற சொல். இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். நெறிமுறையும் அதற்கு 50 சதவீதம்தான் தருகிறது. வெளியே தள்ளித் திறக்கும் பழைய மாதிரி ஜன்னலுக்கு 90 சதவீதம். போன மாதம் எங்களிடம் வந்த ஒரு இரண்டு பெட்ரூம் பிளானைப் பாருங்கள். கார்ப்பெட் ஏரியா 640 சதுர அடி. இரண்டு பெட்ரூமிலும் ஐந்துக்கு நான்கு ஜன்னல், ஹாலில் ஆறுக்கு நான்கு, சமையலறையில் நான்குக்கு மூன்று, பால்கனிக்கு ஆறுக்கு ஏழு கதவு. எல்லாம் சேர்த்து 118 சதுர அடி. வேண்டியது 107. பார்த்ததும் தேறிவிட்டது என்று தோன்றும். ஆனால் அத்தனையும் யுபிவிசி ஸ்லைடிங். பாதியைக் கழித்தால் 59 சதுர அடி, 9.2 சதவீதம். அதே ஓட்டைகளுக்குத் தள்ளித் திறக்கும் கதவு போட்டால் 106 சதுர அடி, 16.6 சதவீதம். ஒரு குளியலறை வெண்டிலேட்டரைச் சேர்த்தால் தேறிவிடும். சுவரில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். ஸ்லைடிங் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தால், ஹாலில் மட்டும் வைத்துக்கொண்டு பெட்ரூம்களை விட்டுவிடச் சொல்கிறேன். ஈரக்காற்று ஊரில் உடம்பு வேர்வை காய்வதற்கு அந்தப் பாதி ஜன்னல் முக்கியம்.

கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் இரண்டாவது சோதனை. சுவர்ப் பரப்பில் கண்ணாடி 30 சதவீதத்துக்குள் இருந்தால், அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில் குறைந்தது 27 சதவீதத்தை உள்ளே விட வேண்டும். சாதாரணக் கண்ணாடி எளிதில் தேறும். ஆள் முகம் தெரியக் கூடாது என்று அடர்ந்த கருப்பு ஃபிலிமோ கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் வகையோ போட்டால் தேறாது. பகலில் லைட் போட்டு உட்காரும் வீடுகள் பல இப்படித்தான் உண்டாகின்றன.

மூன்றாவது மொட்டை மாடி. மேல்தளத்தின் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது. ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் சூடு கடக்கிறது என்பதுதான் யு மதிப்பு. எண் குறைந்தால் நல்லது. ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் வெறுமனே இருந்தால் என் கணக்கில் 3.1 வருகிறது. நம் ஊர் வழக்கப்படி செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு பதித்தால் சுமார் 2.1. நம் பழைய முறை கணிசமாகக் குறைக்கிறது, ஆனால் 1.2-க்கு வரவில்லை. அதற்கும் தளத்துக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் அட்டை (சூட்டைத் தடுக்கும் கெட்டியான நுரை அட்டை) வைத்தால் 0.6-க்கு இறங்கிவிடும்.

இதில் வரிசை மாறக் கூடாது. தளம், அதன் மேல் நீர்க்கசிவுத் தடுப்பு, அதன் மேல் அட்டை, அப்புறம் சரிவுக்கான கலவை, கடைசியில் ஓடு. தெர்மோகோல் போதும் என்று மேஸ்திரி சொல்வார். பார்சல் பெட்டிக்குள் வரும் லேசான தெர்மோகோல் ஆள் நடமாட்டத்தில் அமுங்கி, மேலே பதித்த ஓடு விரிசல் விடும். தரையில் போடுவதற்கென்று அடர்த்தி குறிப்பிட்டு வரும் அட்டையையே கேளுங்கள். பணம் குறைவாக இருந்து இந்த நான்கில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு நான் மாடித் தளத்தைத்தான் சொல்வேன். சுவருக்கு வெயில் காலையிலோ மாலையிலோ ஒரு வேளைதான். தளம் நாள் முழுக்க வாங்குகிறது.

நான்காவதுதான் பெரிய கணக்கு. அதன் பெயர் ஆர்இடிவி. சுவர்களும் கண்ணாடியும் சேர்ந்து, வெளிப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சராசரியாக எத்தனை வாட் சூட்டை உள்ளே விடுகின்றன என்பது. 15 வாட்டைத் தாண்டக் கூடாது. (நெறிமுறை குளிர் மண்டலம் என்று வகுத்த ஊர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அங்கே சூட்டை உள்ளே தக்கவைப்பதுதான் பிரச்சினை, அதனால் சுவர், கண்ணாடியின் யு மதிப்புக்கு மட்டும் வரம்பு.)

கணக்கு மூன்று கூறுகளின் கூட்டல். சுவர் வழியே வருவது: ஒவ்வொரு திசைக்கும் சுவர்ப் பரப்பு, அதன் யு மதிப்பு, அந்தத் திசை எவ்வளவு வெயில் வாங்குகிறது என்ற திசை எண் மூன்றையும் பெருக்கி, அதை 5.15-ஆல் பெருக்க வேண்டும். கண்ணாடி வழியே கடத்தப்படுவது: கண்ணாடிப் பரப்பு, யு மதிப்பு, திசை எண்ணைப் பெருக்கி 1.31-ஆல் பெருக்க வேண்டும். கண்ணாடி வழியே நேராக வரும் வெயில்: கண்ணாடிப் பரப்பு, அது வெயிலில் எத்தனை பங்கை உள்ளே விடுகிறது என்ற எஸ்எச்ஜிசி, திசை எண்ணைப் பெருக்கி 65.21-ஆல் பெருக்க வேண்டும். மூன்றையும் கூட்டி மொத்த வெளிப்பரப்பால் வகுத்தால் விடை. 5.15, 1.31, 65.21 மூன்றும் நம் ஈர வெப்ப மண்டலத்துக்கானவை. திசை எண், கடக ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கு வடக்கு 0.659, தெற்கு 0.966, கிழக்கு 1.155, மேற்கு 1.156.

அந்தத் திசை எண்களை ஒரு நிமிடம் பாருங்கள். மேற்குச் சுவர் வடக்குச் சுவரைப் போல ஒன்றேமுக்கால் பங்கு வாங்குகிறது. அம்மாவின் அறை எனக்கு ஒரு கோடையில் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஒரு சிறு அடுக்குமாடியை வைத்துப் பார்ப்போம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம், நான்கு மாடி. நீளச் சுவர்களில் 20 சதவீதம் கண்ணாடி, குட்டைச் சுவர்களில் 10 சதவீதம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், யு மதிப்பு 2.2. சாதாரணக் கண்ணாடி, யு 5.8, எஸ்எச்ஜிசி 0.82. சன்ஷேடு இல்லை.

நீளச் சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்தால் விடை 20.8. தேறவில்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால், சுவர்கள் வழியே வருவது 9.7 வாட், கண்ணாடி வழியே நேராக வரும் வெயிலும் 9.7 வாட். பரப்பில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே உள்ள கண்ணாடி, மீதி ஐந்து பங்கு சுவருக்குச் சமமாகச் சூட்டை விடுகிறது. முதல்முறை இதைப் போட்டபோது பெருக்கலில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். தப்பில்லை.

அதே கட்டிடத்தைத் திருப்பி, நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தால் 17.8. ஒரு ரூபாய் செலவில்லாமல் மூன்று வாட் போய்விட்டது. அதோடு பால்கனி, சன்ஷேடு, பக்கவாட்டுத் தடுப்பு வைத்து எஸ்எச்ஜிசி 0.5-க்கு இறங்கினால் 14.7. நெறிமுறைக்குள் வந்தாயிற்று, அதே செங்கல்லில். நிழல் எவ்வளவு நீண்டால் எவ்வளவு குறையும் என்பதற்கு நெறிமுறையிலேயே அட்டவணை இருக்கிறது.

மனை அமைப்பால் திருப்ப முடியாது, கிழக்கு மேற்காகத்தான் நிற்கும் என்றால்? சுவரை எட்டு அங்குல ஏஏசி பிளாக்காக (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) மாற்றினால், யு மதிப்பு 0.77, விடை 14.5. இதுவும் தேறுகிறது. ஏஏசி விற்பவர்கள் அது இல்லாமல் நெறிமுறையைத் தொடவே முடியாது என்பது போலப் பேசுகிறார்கள். திசையும் நிழலும் சரியாக இருந்தால் சூளைச் செங்கல்லே போதும் என்று மேலே உள்ள கணக்கு காட்டுகிறது. முதலில் திசை, அடுத்து நிழல், அதற்கும் மேல் தேவைப்பட்டால் பிளாக். இந்த வரிசையில்தான் நான் எப்போதும் பிளானைத் தொடுகிறேன். கையால் போடத் தயக்கம் என்றால் இந்தக் கணக்குக்கு இலவசக் கருவி இணையத்தில் கிடைக்கிறது. ஆனாலும் ஒருமுறையாவது கையால் போடுங்கள். எந்தச் சுவர் உங்களைச் சுடுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

காகிதத்தில் தேறியது கட்டிடத்தில் நிற்க வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போது “தரமான ஜன்னல்” என்று எழுதாதீர்கள். ஜன்னலின் திறக்கும் முறை, கண்ணாடியின் எஸ்எச்ஜிசி, அட்டையின் தடிமனும் அடர்த்தியும், சன்ஷேடு எத்தனை அடி என்று எண்ணாக எழுதுங்கள். அட்டை வந்து இறங்கும் நாளில் தளத்தில் இருங்கள். மேலே கலவை கொட்டிய பிறகு கீழே 40 மில்லியா 20 மில்லியா என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடு பதிக்கும் முன் அளவுகோலை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஊர் விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் பிளானோடு இந்தக் கணக்குத் தாளையும் இணைத்துக் கொடுத்தேன். பட்டியலில் இல்லாத காகிதம், எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வருத்தமாக இருந்தது. ஆனால் எங்கே அடைப்பு என்று அன்று தெளிவாகத் தெரிந்தது. அதை எடுக்க மூன்று காரியங்கள் செய்யலாம்.

ஒன்று, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எரிசக்தி சிக்கன நெறிமுறை தொடர்பாக உங்கள் அலுவலகத்துக்கு வந்த அரசாணைகள், சுற்றறிக்கைகளின் நகல். பிளான் சரிபார்ப்புப் பட்டியலின் நகல். கடந்த மூன்று ஆண்டில் 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்குத் தந்த அனுமதிகளில் எத்தனையோடு இந்த நெறிமுறைச் சான்று இணைக்கப்பட்டது. இந்த மூன்று கேள்வி போதும். “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டு, அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக்கும் போங்கள். கிராமம் என்றால் கிராம சபை. கட்டிட விதியைத் திருத்துங்கள் என்று அங்கே கேட்டால் அது அரசின் வேலை என்று சொல்லிவிடுவார்கள், அது உண்மையும்கூட. அவர்கள் கையில் இருப்பதைக் கேளுங்கள். உள்ளாட்சியே கட்டும் பள்ளி வகுப்பறை, சுகாதார நிலையம், வார்டு அலுவலகம் ஆகியவற்றின் டெண்டரில் மேல்தளத்தின் யு மதிப்பு 1.2-க்குள், திறக்கும் ஜன்னல் ஆறில் ஒரு பங்கு என்று இரண்டு நிபந்தனை. ஏப்ரல் மாதம் மேல்மாடி வகுப்பறையில் பரீட்சை எழுதும் பிள்ளைகளைச் சொன்னால் சபையில் யாரும் எதிர்க்க மாட்டார்கள்.

மூன்று, ஊரில் உள்ள பதிவு பெற்ற பொறியாளர்கள் சங்கம் மூலமாக, பிளானோடு இணைக்கும் ஒரே பக்கத் தாளை ஆணையரிடம் கொடுங்கள். கட்டாயம் என்று கேட்க வேண்டாம், விருப்பப்பட்டவர் இணைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் வைத்திருக்கும் தாளில் ஐந்து வரிதான்: மனைப் பரப்பு, திறக்கும் ஜன்னல் சதவீதம், கண்ணாடியின் வெளிச்ச சதவீதம், மேல்தள யு மதிப்பு, ஆர்இடிவி. கீழே பொறியாளர் கையெழுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து.

அம்மாவின் அறைக்கு இப்போது மூன்றடி சன்ஷேடும் தள்ளித் திறக்கும் ஜன்னலும் வைத்தாயிற்று. மாடியில் அட்டை போட்டு ஓடு பதித்தது போன மாசி மாதம். வைகாசி வரை அவர் பாயைக் கீழே கொண்டுவரவில்லை.